குறுக்குப் பெருக்கலே விடை தரும்போது, பின்னங்களை ஒப்பிடப் பகுதியை ஏன் சமமாக்க வேண்டும்?

நீங்கள் கேட்ட 5/8, 7/12 இரண்டையே எடுத்துக்கொள்கிறேன். 5 × 12 = 60, 7 × 8 = 56, அதனால் 5/8 பெரிது, இவ்வளவு சுலபமாக முடிகிறபோது மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு, அதாவது எல்லாப் பகுதிகளாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்) எல்லாம் எதற்கு என்கிறீர்கள். விடை சரிதான். ஆனால் அந்த 60-உம் 56-உம் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். 5/8-ஐ மேலும் கீழும் 12-ஆல் பெருக்கினால் 60/96. 7/12-ஐ அதேபோல 8-ஆல் பெருக்கினால் 56/96. ஆக நீங்களும் பகுதியை, அதாவது கீழே உள்ள எண்ணை, சமமாக்கித்தான் ஒப்பிட்டிருக்கிறீர்கள், 96-ஐ மட்டும் எழுதவில்லை.

ஏன் சமமாக்க வேண்டும் என்றால், பகுதி என்பது ஒரு முழுமையை எத்தனை சம துண்டாக்கினோம் என்று சொல்கிறது. 5/8-இல் இருப்பது ஐந்து பெரிய துண்டுகள், 7/12-இல் இருப்பது ஏழு சின்னத் துண்டுகள். துண்டின் அளவே வேறாக இருக்கும்போது 5-ஐயும் 7-ஐயும் எண்ணிப் பார்த்து என்ன பயன்? இரண்டையும் ஒரே அளவுத் துண்டாக்கிவிட்டால் அப்புறம் தொகுதியை, அதாவது மேலே உள்ள எண்ணை, பார்த்தாலே போதும். இதை விட்டுவிட்டு, தொகுதிக்கும் பகுதிக்கும் இடையில் இடைவெளி குறைவாக இருப்பதுதான் பெரிய பின்னம் என்று சிலர் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். 1/3-இல் இடைவெளி 2, 6/10-இல் இடைவெளி 4, ஆனால் 6/10 பாதியைத் தாண்டிவிட்டது, 1/3 பாதியைக்கூட எட்டவில்லை.

சரி, 96 கூட அவசியமில்லை. பெரிய பகுதியான 12-இன் மடங்குகளைச் சொல்லிக்கொண்டே போங்கள்: 12, 24... 24-ஐ 8 வகுக்கும், அங்கேயே நிறுத்திவிடலாம், அதுதான் மீ.சி.ம. 15/24, 14/24. இப்போது எது பெரிது என்பதோடு எவ்வளவு பெரிது என்பதும் தெரிந்துவிட்டது: 1/24. குறுக்குப் பெருக்கலில் 60-க்கும் 56-க்கும் வித்தியாசம் 4 என்று நின்றுவிட்டால் அந்த 4-ஐ வைத்து ஒன்றும் செய்ய முடியாது, அதன் அடியில் மறைந்திருக்கும் 96-ஐ வெளியே கொண்டுவந்து 4/96 என்று எழுதிச் சுருக்கினால்தான் அதே 1/24 கிடைக்கும்.

நிறைய பின்னங்கள் வரும்போதுதான் இந்த முறையின் அருமை தெரியும். 2/3, 5/8, 7/12, 11/18 நான்கையும் ஏறுவரிசையில் எழுதச் சொன்னால், குறுக்குப் பெருக்கலில் இரண்டிரண்டாகச் சோடி சேர்த்து ஆறு முறை வரை பெருக்க வேண்டியிருக்கும், நடுவில் எதை எதோடு ஒப்பிட்டோம் என்பதே மறந்துபோகும். மீ.சி.ம 72 எடுத்தால் தொகுதிகள் முறையே 48, 45, 42, 44. வரிசை தானாக வந்துவிடுகிறது: 7/12, 11/18, 5/8, 2/3.

அதற்காக எல்லாக் கணக்குக்கும் மீ.சி.ம தேட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 4/9, 6/11 என்றால் ஒன்று பாதிக்குக் கீழே, மற்றது பாதிக்கு மேலே, பெருக்க வேண்டிய வேலையே இல்லை. 17/18, 23/24 என்றால் முழுமைக்கு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள், 1/18-ஐவிட 1/24 சிறியது, குறைவது குறைவாக இருப்பதால் 23/24 பெரிது. எனக்கு மிகவும் பிடித்தது தொகுதியைச் சமமாக்கும் வழி. பள்ளியில் இதற்கு ஏனோ அவ்வளவு மரியாதை தருவதில்லை. 6/35, 4/23 இரண்டுக்கும் பொதுப் பகுதி தேடினால் 805 வரை போக வேண்டும். தொகுதிகளை 12 ஆக்கினால் 12/70, 12/69. துண்டுகளின் எண்ணிக்கை ஒன்றேதான், 69-இல் ஒரு பங்கு 70-இல் ஒரு பங்கைவிடப் பெரிது, அதனால் 4/23 பெரிது.

குறை எண்கள் வந்தால் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். கழித்தல் குறி பகுதியில் இருந்தால் முதலில் அதைத் தொகுதிக்கு ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் குறுக்குப் பெருக்கல் தலைகீழான விடையைத் தந்துவிடும். அப்புறம் வழக்கம்போல: -5/8, -7/12 என்பவை -15/24, -14/24. இங்கே பெரியது -7/12.