விளம்பரத்தில் ‘உத்தரவாதம்’, ரசீதில் ‘பணம் திரும்பாது’: பேக்கேஜ் பணத்தை மீட்பது எப்படி?

கேள்வி: “38 வெள்ளிக்கு முடிப் பரிசோதனை, 90 நாளில் முடி வளரும், உத்தரவாதம்” என்று ஃபேஸ்புக்கில் பார்த்து ஒரு நிலையத்துக்குப் போனேன். இரண்டு மணி நேரம் பேசிப் பேசியே 20 அமர்வுகளுக்கு 3,200 வெள்ளி கட்ட வைத்துவிட்டார்கள். நான்கு மாதமாகிவிட்டது. எட்டு முறை போயும் பலன் இல்லை. கேட்டால் ‘பணம் திரும்பாது’ என்று ரசீதில் இருப்பதைக் காட்டுகிறார்கள். வழி உண்டா? (ஈசூன் வாசகர்)

பதில்: உண்டு. முதலில் ரசீது வரியைப் பார்த்து மனம் தளராதீர்கள். சிங்கப்பூரின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாயமான வர்த்தகம்) சட்டம் தரும் உரிமையை எந்த ஒப்பந்த வரியாலும் பறிக்க முடியாது. 2004 முதல் நடப்பில் உள்ள இந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பயனீட்டாளர் ஏமாறக்கூடிய வகையில் ஒன்றைச் சொல்வதையும், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதையும் நியாயமற்ற நடைமுறை என்கிறது. பணம் கட்டுவதற்கு முன்பு வந்த விளம்பரமும் அதில் அடங்கும்.

ஆனால் ‘ஏமாந்துவிட்டேன்’ என்று சொன்னால் மட்டும் வழக்கு நிற்காது. அவர்கள் சொன்னது என்ன, அது எப்படிப் பொய், அதை நம்பித்தான் பணம் கட்டினீர்களா என்ற மூன்றுக்கும் சான்று வேண்டும். ‘சிங்கப்பூரின் சிறந்த முடி நிலையம்’ என்பது வெறும் பெருமைப் பேச்சு. அதை நம்பி வழக்குப் போட முடியாது. ‘90 நாளில் வளரும், உத்தரவாதம்’ என்பது அப்படியல்ல. நாள் கணக்குச் சொன்னால் அது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. 1892இல் இங்கிலாந்தில் கார்பாலிக் ஸ்மோக் பால் வழக்கில் இதே கேள்வி வந்தது. தங்கள் மருந்தை இரண்டு வாரம், நாளுக்கு மூன்று முறை பயன்படுத்தியும் சளிக்காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு தருவோம் என்று விளம்பரம் செய்த நிறுவனம், அது சும்மா சொன்னது என்று வாதாடியது. அதற்காக வங்கியில் 1,000 பவுண்டு போட்டிருப்பதாக நீங்களே எழுதினீர்களே என்று கேட்டு நீதிபதிகள் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆகவே உங்கள் விளம்பரத்தில் எண்ணும் நாளும் உள்ள வரிதான் உங்கள் பலம்.

அதை இன்றே பிடித்து வையுங்கள். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் இணைய விளம்பர நூலகத்தில் நிலையத்தின் பக்கப் பெயரைத் தேடினால், இப்போது ஓடும் விளம்பரங்கள் தெரியும். விளம்பரத்தை நிறுத்திவிட்டால் அது பெரும்பாலும் அங்கிருந்தும் மறைந்துவிடும். பல வழக்குகள் இங்கேதான் சரிகின்றன. தேதியும் இணைய முகவரியும் தெரியும்படி படம் பிடியுங்கள். விற்பனையாளரின் வாட்ஸ்அப் செய்திகள், முதல் நாள் எடுத்த தலைமுடிப் படங்கள், அமர்வு அட்டை எல்லாம் சேர வேண்டும். தமிழில் வந்த குரல் பதிவு இருந்தால், நீதிமன்றத்துக்கு அதை எழுத்தாக்கிச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்போடு தர வேண்டும்.

அடுத்து, கணக்கு. கூற்று பொய் என்று நிரூபிக்க முடியும் என்றால் 3,200 வெள்ளி முழுவதையும் கேளுங்கள். மாற்றுக் கோரிக்கையாக, பயன்படுத்தாத 12 அமர்வுகளுக்கு 1,920 வெள்ளி. நிலையம் பெரும்பாலும் வேறு கணக்குக் காட்டும்: தனி அமர்வின் விலை 300 வெள்ளி, எட்டுக்கு 2,400 போனால் மிச்சம் 800 என்று. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேக்கேஜ் விலையை 20ஆல் வகுத்து வரும் 160 வெள்ளிதான் நியாயமான அளவு.

இவற்றை ஒரே பக்கக் கடிதமாக எழுதி, 14 நாள் கெடு வைத்து நிலையத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால், கட்டிய தொகையைத் திரும்பப் பெற்றுத் தரும்படி வங்கியையும் உடனே கேளுங்கள். அங்கே முறையிடும் கெடு குறுகியது. பயனீட்டாளர் சங்கம் (கேஸ்) நல்ல வர்த்தகத்துக்குத் தரும் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரத்தை நிலையம் பெற்றதா என்றும் பாருங்கள். பெற்றிருந்தால் சங்கத்துக்கு அதன்மேல் கூடுதல் பிடி உண்டு. வேலை நாள் ஐந்துக்குள் மனம் மாறலாம் என்ற சட்ட விதி, வீடு தேடி வந்து விற்பது போன்ற சில ஒப்பந்தங்களுக்கு மட்டுமே. நீங்களே கடைக்குப் போனதால் அது பொருந்தாது.

எங்கே எதைக் கேட்பது என்பதில்தான் பலர் மாதக்கணக்கில் நேரத்தை இழக்கிறார்கள். விளம்பரத் தர ஆணையத்திடம் புகார் செய்தால் விளம்பரத்தைத் திருத்தச் சொல்வார்கள். பணம் வாங்கித் தர மாட்டார்கள். போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் தொடர்ந்து தவறு செய்யும் நிறுவனங்களுக்கு எதிராகத் தடை ஆணை கேட்கும். நகப் பூஞ்சை சிகிச்சைப் பேக்கேஜ் விற்பனை தொடர்பாக நெய்ல் பேலஸின் இரு நிறுவனங்கள்மீது அப்படி ஆணை பெற்றது. அவற்றின் மேல்முறையீட்டை 2023இல் உயர்நீதிமன்றம் தள்ளியது. மற்றவர்களைக் காக்க இது மிக அவசியம், புகார் கொடுங்கள். உங்கள் பணத்துக்கு வழி வேறு.

பயனீட்டாளர் சங்கம் கடிதம் எழுதும், சமரசம் பேசும். அதிலும் முடியாவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளி. அரசின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் மூலம் இணையத்திலேயே பதியலாம். வழக்கறிஞர் வாதாட முடியாது என்பதால் நிலையத்தின் ஆளும் நீங்களும் சமமாகவே நிற்பீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஒரு தவறு செய்யாதீர்கள்: கடைப் பலகையில் உள்ள பெயரில் வழக்குப் பதிவது. நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பதிவேட்டில் நிறுவனத்தின் முழுப் பெயரையும் பதிவு எண்ணையும் எடுத்து, ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் தவறினால் வென்ற ஆணையை நிறைவேற்றவே சிரமப்படுவீர்கள். சட்டப்படி இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தாலும் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். இத்தகைய நிலையங்கள் திடீரென மூடப்படுவது உண்டு. நிறுவனம் கலைக்கப்பட்டுவிட்டால், கையில் ஆணை இருந்தும் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.