ராண்ட் சரிந்தால் பக்கத்து நாட்டுக்காரர்களுக்கு லாபமா?

"ராண்ட் விழுந்தால் அண்டை நாட்டவருக்கு இங்கே எல்லாம் மலிவாகிவிடுமா?" என்று நம் தென்னாப்பிரிக்க நாணயத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது எந்த நாடு என்பதைப் பொறுத்தது.

லெசோத்தோ, எஸ்வாட்டினி, நமீபியா மூன்றுக்கும் மலிவாகாது. அவர்கள் நாணயம் ராண்டோடு ஒன்றுக்கு ஒன்று கட்டப்பட்டது. நாம் விழுந்தால் அவர்களும் கூடவே விழுவார்கள். டர்பனில் நமக்கு பெட்ரோலும் இறக்குமதிப் பருப்பும் ஏறினால் லெசோத்தோ தலைநகர் மசேருவிலும் ஏறும். ஒரு வேடிக்கை: நம் ராண்ட் மசேரு கடையில் செல்லும், அவர்கள் நாணயமான லோட்டியை நம் கடைக்காரர் பொதுவாகத் தொட மாட்டார்.

ஜிம்பாப்வே கதை வேறு. அங்கே அமெரிக்க டாலர் பரவலாகப் புழங்குகிறது. 100 டாலருக்கு 1,500 ராண்ட் கிடைத்த இடத்தில் 1,800 கிடைக்கிறது என்று வையுங்கள். பெய்ட்பிரிட்ஜ் எல்லையைத் தாண்டி முசினாவுக்கு வருகிறவர் எண்ணெய், மாவு, சர்க்கரை என்று இன்னொரு பையும் நிரப்பிக்கொள்வார். முசினா கடைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் ஜிம்பாப்வே ஆலைக்காரருக்கு அதுவே அடி, மலிவான நம் சரக்கோடு போட்டி போட முடியாது. அப்புறம், இங்கே ராண்டில் சம்பளம் வாங்கி வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் பாடு: அதே உழைப்புதான், குடும்பத்தின் கையில் சேரும் டாலர் குறைவு.

போட்ஸ்வானா இரண்டுக்கும் நடுவில். 1976-இல் கொண்டுவந்த அதன் நாணயமான புலா, ராண்டும் வேறு நாணயங்களும் கலந்த கூடையோடு கட்டப்பட்டது; பாதிப்பும் பாதிதான்.