கணக்கை விட்டுவிட்டுப் பத்தாவது எழுதலாமா?

தம்பி,

நேற்று நீங்கள் கேட்டதற்கு அவசரத்தில் சொன்ன பதில் போதாது என்று பட்டது. அதனால் எழுதுகிறேன்.

தேசிய திறந்தநிலைப் பள்ளியில், அதாவது என்.ஐ.ஓ.எஸ்.ஸில், கணக்கு கட்டாயம் இல்லை, அதற்குப் பதில் மனையியல் எடுக்கலாம் என்று உங்கள் நண்பர் சொன்னது உண்மைதான். ஐந்து பாடம் தேறினால் பத்தாவது சான்றிதழ் கிடைத்துவிடும். ஆனால் நீங்கள் போக நினைப்பது ஐடிஐயில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், எலக்ட்ரீசியன் பிரிவுக்கு. அதற்கும் ஃபிட்டருக்கும் அறிவியலும் கணக்கும் படித்துத் தேறிய பத்தாவது வேண்டும் என்பதுதான் பொதுவான தகுதி. கணக்கை விட்டால் கையில் சான்றிதழ் இருக்கும், வாசல் திறக்காது. ஒயர்மேன், வெல்டர் பிரிவுகளுக்கு எட்டாவது போதும். வீட்டில் அவசரம் என்றால் அதுவும் நல்ல வழிதான். எலக்ட்ரீசியன்தான் என்றால், கணக்கோடு எழுதுங்கள்.

ஒன்பதாவதில் உங்களை நிறுத்தியது கணக்கு முழுவதும் இல்லை. நேற்று ஒரு தாளில் நான் எழுதிக் கொடுத்த பத்துக் கணக்கில், கூட்டல், பெருக்கல், சதவீதம் எல்லாம் மளமளவென்று போட்டீர்கள். எழுத்து வந்த இடத்தில் பேனா நின்றது. அது இயற்கணிதக் கோவையை, அதாவது எண்ணும் எழுத்தும் கலந்து வருவதை, சுருக்குவது. சமன்பாடு, வரைபடம், அளவியல் என்று எங்கே போனாலும் இந்தச் சுருக்கும் வேலை கூடவே வரும். அதனால் முதல் இரண்டு மாதம் கணக்கில் வேறு எதையும் தொடாதீர்கள்.

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் தொடங்கும்வரை ஒரு கூடை சங்கராவின் விலை யாருக்கும் தெரியாது. தெரியாவிட்டாலும் கணக்கு போடாமலா இருக்கிறீர்கள்? அந்த விலையை 'ச' என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் எக்ஸ் என்று இருக்கும், அவ்வளவுதான். ஒரு கூடை நெத்திலியின் விலை 'ந'. மூன்று கூடை சங்கரா, இரண்டு கூடை நெத்திலி, பிறகு இன்னும் இரண்டு கூடை சங்கரா எடுத்தால்:

3ச + 2ந + 2ச = 5ச + 2ந

ச-வோடு ச சேரும், ந-வோடு சேராது. ஒத்த உறுப்புகள் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: 'ச' என்பது மீன் இல்லை, மீனின் விலை, அதாவது ஒரு எண். மீன் என்று நினைத்துப் படித்தவர்கள் ச × ச வரும்போது விழிப்பார்கள். மீனை மீனால் எப்படிப் பெருக்குவது? எண்ணை எண்ணால் பெருக்கலாம்.

அடுத்தது அடைப்புக்குறி. கூடைக்கு விலையோடு ஐஸுக்கு 50 ரூபாய் என்றால், நான்கு கூடைக்கு 4(ச + 50). நேற்று இதை 4ச + 50 என்று எழுதினீர்கள். நான்கு கூடைக்கும் ஐஸ் போட்டுவிட்டு ஒரு கூடை ஐஸுக்கு மட்டும் காசு கொடுத்தால் ஐஸ்காரர் விடுவாரா? 4ச + 200 என்பதே சரி.

பெரும்பாலானவர்கள் மார்க் இழக்கிற இடம் அடைப்புக்குறிக்கு முன்னால் நிற்கும் கழித்தல் குறி. பத்துக் கூடை விற்ற பணம் 10ச கையில் இருக்கிறது. பழைய பாக்கி இரண்டு கூடை விலை. அதில் ஏலக்காரர் 30 ரூபாய் தள்ளிக்கொடுத்துவிட்டார். கொடுக்கவேண்டியது 2ச − 30. மீதி:

10ச − (2ச − 30) = 8ச + 30

கடைசியில் ஏன் கூட்டல்? அந்த 30 உங்கள் கையிலேயே தங்கிவிட்டதே. சந்தேகமா, ச-வுக்கு 100 போட்டுப் பாருங்கள். 1000-இல் 170 போனால் 830. 8ச + 30-உம் 830. 8ச − 30 என்று எழுதியிருந்தால் 770 வரும், தப்பு உடனே தெரியும்.

இந்தச் சரிபார்ப்பை ஒவ்வொரு கணக்குக்கும் செய்யுங்கள். பதினோரு வருஷம் கழித்துத் தனியாகப் படிக்கிற ஒருவருக்குப் பக்கத்தில் வாத்தியார் இருக்கமாட்டார், இதுதான் வாத்தியார். ஆனால் 0, 1, 2 இந்த மூன்றையும் போடாதீர்கள். 2 போட்டால் ச²-உம் (அதாவது ச × ச) 4, 2ச-வும் 4, தப்பு ஒளிந்துகொள்ளும். 3 போட்டால் 9-உம் 6-உம் தனித்தனியாக நிற்கும். எலக்ட்ரீசியனுக்கு இந்த வித்தியாசம் வெறும் தேர்வு விஷயம் இல்லை. ஒயரில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தை, அதாவது அதை அதாலேயே பெருக்கி வருவதைப் பொறுத்தது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. வீட்டில் ஏசி மாட்டிவிட்டுப் பழைய மெல்லிய ஒயரையே விட்டால் ஏன் உருகுகிறது என்பதற்கு விடை அங்கே இருக்கிறது.

பின்னமாக வரும் கோவைகளைப் பிறகு பார்க்கலாம். இப்போதைக்கு, மேலேயும் கீழேயும் ஒரே எண் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடாதீர்கள். (ச + 6)/6 என்பதில் 6-ஐ அடிக்க முடியாது. ச-வுக்கு 12 போட்டால் ஏன் என்று தெரியும்.

ஏலம் முடிந்து வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்தபின் முக்கால் மணி நேரம், ஐந்து கணக்கு. அதற்கு மேல் வேண்டாம். தேறுவதற்கு 33 சதவீதம் போதும். எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் எழுதவேண்டிய கட்டாயமும் இல்லை. ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது வாய்ப்பு உண்டு, தேறிய பாடம் அப்படியே நிற்கும். தமிழிலேயே எழுதலாம். முதல் தடவை தமிழையும் சமூக அறிவியலையும் முடித்துவிடுங்கள், கணக்கை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பள்ளி மாற்றுச் சான்றிதழையும், இந்த வாரம் போட்ட கணக்கு நோட்டையும் எடுத்து வாருங்கள். தப்பாகப் போட்டதை அழிக்காதீர்கள், எனக்கு அதுதான் வேண்டும்.