இரண்டு நிலாவுக்கு எந்த அமாவாசை?

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்கு ஊர் ஏரல். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மிகைபுனைவு நாவல் ஒன்று எழுதும் ஆசையில் சில ஆண்டுகளாக ஓர் உலகத்தை உருவாக்கி வருகிறேன். அதற்கு இரண்டு நிலாக்கள். ஏழு நாடுகள், வரைபடங்கள், அரச வம்சாவளி, நாணயங்கள் எல்லாம் தயார். முதல் அத்தியாயம்தான் நகர மறுக்கிறது. எங்கே தொடங்கினாலும் பாடப்புத்தகம் போலாகிவிடுகிறது. உலகத்தை முழுதாக அமைத்த பிறகுதான் கதை எழுத வேண்டுமா? எங்கள் பக்கம் ஆற்றையும் வாழையையும் விட்டால் ஒன்றுமில்லை. பனிமலையும் கோட்டையும் பார்க்காதவன் இதையெல்லாம் எழுத முடியுமா? பாத்திரங்கள் எந்தத் தமிழில் பேச வேண்டும்?

ஒரு வாசகர், ஏரல்

அன்புள்ள தம்பி,

கடிதத்தோடு அனுப்பியிருந்த குறிப்புகளையும் மாதிரி அத்தியாயத்தையும் படித்தேன். உழைப்பு தெரிகிறது. ஏழு நாட்டு நாணயங்களுக்கும் மாற்று விகிதம் போட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் காசைக் கொடுத்து யாரும் எதையும் வாங்கவில்லை, யாரும் யாருக்கும் கடன் பாக்கி வைக்கவில்லை.

எனக்குப் பிடித்தவை அந்த இரண்டு நிலாக்கள். பெரியது வெள்ளி நிறம், சிறியது செம்பு நிறம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நிறத்தை விடுங்கள். பெரியது 30 நாளுக்கு ஒரு சுற்று, சிறியது 20 நாளுக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொள்வோம். விரைவாகச் சுற்றுவது கிட்டத்தில் இருந்தாக வேண்டும். கிட்டத்தில் இருப்பதை இளக்காரமாக நினைக்க முடியாது. ஒரு நிலா பாதித் தூரத்துக்கு வந்தால், கடலில் ஓதத்தை எழுப்பும் அதன் விசை எட்டு மடங்காகும். இரண்டு நிலாவுக்கும் 60 நாளுக்கு ஒரு முறை ஒரே நாளில் அமாவாசை வரும். அன்றைக்குக் கடல் எங்கே வந்து நிற்கும்?

இதை ஆறுமுகநேரி உப்பளத்தில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். பாத்தியில் உப்பு விளைந்து நிற்கிறது. வாரிக் கரையில் சேர்க்க இன்னும் இரண்டு நாள் வேலை பாக்கி. இரட்டை அமாவாசை நாளைக்கு. இரவோடு இரவாக வாரினால் இரட்டைக் கூலி கொடுக்க வேண்டும். முதலாளி யோசிக்கிறார். கணக்குப்பிள்ளை, போன தடவை கரை தாங்கியதே என்கிறார். விடிந்து பார்த்தால் கரை உடைந்து, பாத்தியில் வெறும் கடல். அம்பாரத்தில் சேராத உப்புக்குக் கூலி கிடையாது என்கிறார் அதே கணக்குப்பிள்ளை. வெயிலில் நின்று விளைவித்த பெண் சும்மா போவாளா?

அவள் வாயைத் திறக்கிறாள் அல்லவா, அங்கே தொடங்குங்கள். உங்கள் அத்தியாயம் பாடப்புத்தகமாவது ஏன் என்றால், எல்லோரும் தங்களுக்குத் தெரிந்ததையே தங்களுக்குள் விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். வழக்கு வந்தால்தான் மனிதர்கள் விதியை எடுத்துப் பேசுவார்கள். அப்போது நிலாவின் கணக்கும் கூலியின் கணக்கும் நாணயத்தின் பெயரும் தாமாகவே வாயில் வரும். வாசகர் அதை விளக்கம் என்று நினைக்கவே மாட்டார்.

இன்னொன்றும் யோசித்தேன். ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்திலும் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலிலும் கூடும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் உலகத்தில் எந்த நிலாவின் அமாவாசைக்குக் கூடுவார்கள்? ஒருவர் இறந்த நாளில் பெரிய நிலா தேய்பிறை, சிறிய நிலா வளர்பிறை. மூத்த மகன் பெரிய நிலாவின் திதியில் கொடுக்கிறான், இளையவன் சிறிய நிலாவின் திதியில். இரண்டு பஞ்சாங்கம், இரண்டு புரோகிதர். முன்னோர் எந்த வீட்டுக்கு வந்தார் என்பதை வைத்து, தோப்பு யாருக்கு என்ற வழக்கும் கிளம்பும். எனக்கு இதில் ஏழு நாடும் வேண்டாம், ஒரு தெரு போதும். உலகம் முதலா கதை முதலா என்றால், ஒன்றை மாற்றுங்கள், அதனால் யார் வயிற்றில் அடி விழுகிறது என்று பாருங்கள், கதை அந்த வீட்டில் இருக்கும். மீதி உலகத்தைத் தேவைப்படும்போது கட்டிக்கொள்ளலாம்.

உங்கள் பக்கம் ஒன்றுமில்லை என்று எழுதியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஏரலில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா? பக்கத்தில் கொற்கை. பாண்டியர் முத்துத் துறைமுகம், இன்றைக்கு வயலும் வாழையுமாகக் கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டலில் கடல் விலகிப்போனது. துறைமுகம் கடலைத் துரத்திக்கொண்டு பழையகாயலுக்கு நகர்ந்தது, பிறகு புன்னைக்காயலுக்கு. கடல் கைவிட்ட ஊரில் முத்துக்குளித்தவரின் பேரன் என்ன செய்தான்? பனிமலையை விடப் பெரிய விஷயம் இது.

அந்தப் பழையகாயலுக்கு 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தவர் மார்கோ போலோ. அரபுக் கடல் வழியாக வந்திறங்கிய குதிரைகளைப் பற்றி அவர் எழுதியதை, படை நடத்தும் எழுத்தாளர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். பாண்டிய நாட்டு மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கினார்கள், ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்தன. இங்கே அவற்றுக்குச் சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போட்டார்களாம். குதிரை வைத்தியம் தெரிந்தவர் இல்லை. விற்கும் வியாபாரிகளும் அப்படி ஒருவர் இங்கே வந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்களாம், குதிரை செத்தால்தானே அடுத்த விற்பனை! பயணி கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். ஆனாலும் தீவனம், வைத்தியம், வியாபாரம், துரோகம் எல்லாம் அங்கே ஒரே லாயத்தில் இருக்கின்றன. உங்கள் நான்காம் நாட்டு மன்னரிடம் பத்தாயிரம் குதிரைகள். புல் எங்கே விளைகிறது என்று வரைபடத்தில் காணோம். டிராகன் வைத்தால் அதற்கும் இதே கேள்விதான்; சாணம் அள்ளுவது யார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மந்திரத்துக்குச் சுடலைமாடன் கோயில் கொடை விழாவைப் பாருங்கள். நடுச்சாமத்தில் சாமி வேட்டைக்குப் போகும்போது வழியில் ஆள் நிற்கக் கூடாது. சாமி வருவது ஓர் ஆள் மேல், ஆனால் வரி கொடுப்பது எல்லா வீடும். ஒரு வீடு வரி கொடுக்க மறுத்தால் என்ன ஆகும் என்று ஊரில் கேளுங்கள்.

அறிவியல் புனைவு பக்கம் போக எண்ணம் வந்தால் குலசேகரப்பட்டினம் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைத் தவிர்க்க ராக்கெட் வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து நேராகத் தெற்கே கடல்தான். அதனால்தான் சிறிய ராக்கெட்டுகளுக்கு அங்கே ஏவுதளம், 2024இல் அடிக்கல் நாட்டினார்கள். தசராவின் சூரசம்ஹார இரவில், கடற்கரை முழுக்க வேடம் கட்டியவர்கள் நிற்கும்போது, ஏவுவதற்குத் தோதான நேரம் வாய்த்துவிட்டால்? இதை நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதிவிடுவேன்.

பேச்சுக்கு வருகிறேன். உங்கள் மாதிரி அத்தியாயத்தில் உப்பு விற்பவளும் மன்னரும் ஒரே செந்தமிழில் பேசுகிறார்கள். கதை சொல்பவர் பொதுத் தமிழில் சொல்லட்டும். பேசுபவர்கள் அவரவர் இடத்துக்குத் தக்கபடி பேச வேண்டும். புன்னைக்காயல் கடற்கரையில் கேட்கும் தமிழும் ஏரல் கடைத்தெருவில் கேட்கும் தமிழும் வேறு என்பது உங்கள் காதுக்கே தெரியும். இரண்டு நிலாவின் கீழே நெல்லைத் தமிழ் ஒலித்தால் எந்த வாசகரும் புத்தகத்தை மூடிவிட மாட்டார். மன்னர் மூன்று இடங்களில் “யாரங்கே!” என்கிறார். அதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி