இருமலே இல்லை, எக்ஸ்ரேயில் மட்டும் நிழல்: சளி கொடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம். போன வாரம் சமுதாயக் கூடத்தில் காசநோய் முகாம் போட்டு, கையில் தூக்கி வரும் சின்ன மெஷினில் எல்லோருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். என் கணவருக்கு 52 வயது. நூற்பாலை வேலை, ஒன்பது வருடமாகச் சுகர், பீடியும் உண்டு. "நெஞ்சுல நிழல் மாதிரி தெரியுது, சளி எடுத்துக் கொடுங்க" என்று செவிலியர் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். இவரோ, "எனக்கு இருமலே இல்லை, இல்லாத சளிக்கு எங்கே போக? மெஷின் தப்பு" என்கிறார். மாமியார் ஆறு வருடம் முன்பு டிபி மருந்து சாப்பிட்டு முடித்தவர். அவர் படத்திலும் நிழலாம். எக்ஸ்ரே கதிருக்குப் பயந்து நானும் 13 வயதுப் பையனும் முகாமுக்கே போகவில்லை. என்ன செய்வது?

பதில்: அந்த டப்பா எங்கே இருக்கிறது? முதலில் அதைத் தேடி எடுத்து வையுங்கள். அது நாளைக் காலைக்கு வேண்டும்.

"இருமலே இல்லை" என்பது உங்கள் கணவர் மட்டும் சொல்வதல்ல. 2019 முதல் 2021 வரை நாடு முழுக்கக் காசநோய்க் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. அறிகுறிகளைக் கேட்டார்கள், கூடவே நெஞ்சுப் படமும் எடுத்தார்கள். படம் எடுக்காமல் அறிகுறியை மட்டும் நம்பியிருந்தால், அதில் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் விட்டுப் போயிருப்பார்கள். இப்போது முகாம்களில் எக்ஸ்ரே மெஷின் வருவதற்கு இது முக்கியமான காரணம்.

நுரையீரலின் உள்சதைக்கு வலி தெரியாது. கிருமி ஒரு மூலையில் மெதுவாக அரித்துக்கொண்டிருக்கும்போது உடம்பு மாதக்கணக்கில் சத்தமே காட்டாமல் இருக்கலாம். புண் மூச்சுக்குழாயோடு சேர்ந்த பிறகுதான் பலருக்கு இருமலும் சளியும் வரும். அப்படி வந்தாலும் பீடி குடிப்பவர் அதைப் பீடி இருமல் என்பார், பஞ்சாலைக்காரர் பஞ்சுத் தூசி என்பார். எடை குறைந்தால் பழி சுகர் மேல் போகும். உங்கள் வீட்டில் இந்த மூன்று சாக்குக்கும் இடம் இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

சரி, மெஷின் தப்புச் செய்யுமா? செய்யும். அந்த விஷயத்தில் உங்கள் கணவர் பாதி சரி. ஒரு கணக்குப் போடுவோம். அதே கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் லட்சத்துக்கு 316 பேருக்கு நுரையீரல் காசநோய் இருந்தது. அதாவது ஆயிரம் பேரை நிறுத்திப் படம் எடுத்தால் நோயாளிகள் ஏறத்தாழ மூன்று பேர். அந்த மூவரைத் தவற விடக் கூடாது என்று வலையை அகலமாகவே விரிப்பார்கள். அதில் பழைய தழும்பு, நிமோனியா, தூசி படிந்த நுரையீரல், சில நேரம் புற்றுநோய் எல்லாம் மாட்டும். பேச்சுக்கு அறுபது பேருக்கு நிழல் என்று வைத்துக்கொண்டால், ஐம்பத்தேழு பேருக்குக் காசநோய் இருக்காது. பல முகாம்களில் படத்தை முதலில் பார்ப்பது கணினி மென்பொருள். அது மதிப்பெண் போடும், குறிப்பிட்ட எண்ணைத் தாண்டினால் சளி கேட்பார்கள். அந்த எண்ணை எங்கே வைப்பது என்று முடிவு செய்பவர்கள் மனிதர்கள்தான்.

ஆக, நிழல் என்றதுமே ஒடிந்து போக வேண்டியதில்லை. ஆனால் அந்த மூவரில் இவர் ஒருவரா என்பதை எக்ஸ்ரேயால் சொல்ல முடியாது. அதற்குச் சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை வேண்டும். சிபிநாட் அல்லது ட்ரூநாட் என்று சொல்வார்கள். சில மணி நேரத்தில் முடிவு வரும், ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதும் தெரியும். அரசு மையங்களில் செலவில்லை.

சளி எடுப்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பாதிப் பேர் எச்சிலைத் துப்பிக் கொடுப்பார்கள், பரிசோதனைக்கூடமும் "இல்லை" என்று எழுதி அனுப்பிவிடும். காலையில் எழுந்ததும், காபிக்கு முன்னால், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். வாசலிலோ மொட்டை மாடியிலோ, காற்றோட்டமாக, பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தில் நிற்கட்டும். இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தி, அடிவயிற்றிலிருந்து இருமினால் கொழகொழவென்று வரும். அதுதான் வேண்டும். ஒரு டீஸ்பூன் அளவு போதும். தண்ணீர் மாதிரி நுரையாக இருந்தால் அது எச்சில், இன்னொரு முறை முயலட்டும். மூடியை இறுக்கி அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். வெந்நீர் குடித்து, ஆவி பிடித்தும் வரவில்லையா? டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுக்காதீர்கள். பெரிய மருத்துவமனையில் உப்பு நீரை மூச்சு வழியாகப் புகையாக இழுக்க வைத்துச் சளியை வரவழைப்பார்கள்.

இடையில் வேறு எங்காவது காட்டி ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட வேண்டாம். லிவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கிவிடும். நோய் ஒளிந்துகொள்ளும், நாள் போகும். சளியில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் படத்தோடு மருத்துவரைப் பாருங்கள். நிழல் அப்படியே நிற்கிறதா, கரைகிறதா என்று சில வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

உங்கள் மாமியார் விஷயம் வேறு. காசநோய் குணமான இடத்தில் தழும்பு நிற்கும், அது ஆயுசுக்கும் படத்தில் தெரியலாம். ஒரு முறை மருந்து முடித்தவர்களுக்கு மரபணுப் பரிசோதனைகூடச் சில சமயம் செத்த கிருமியைப் பார்த்து "இருக்கிறது" என்று சொல்லிவிடும். இங்கே உதவுவது பழைய எக்ஸ்ரே. பரணிலோ பெட்டியிலோ கிடந்தால் எடுத்துச் செல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மருத்துவருக்கு வேலை பாதி முடிந்தது. அதற்காக அவரை விட்டுவிடவும் கூடாது, ஒரு முறை வந்தவர்களுக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். அவரும் சளி கொடுக்கட்டும்.

கதிர் பயத்துக்கு வருகிறேன். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் உடம்பில் ஏறும் கதிர், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் பத்து நாளில் தானாக நம் மேல் படும் அளவைத் தாண்டாது. நீங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். கர்ப்பமாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பையன் முகாமுக்குப் போகாதது பெரிய தவறில்லை. அந்த மென்பொருளை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது 15 வயதுக்கு மேல்தான். ஆனால் அப்பாவுக்கு நோய் என்று உறுதியானால் பையனை மருத்துவர் நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

இப்படி ஊரைக் கூட்டிப் படம் எடுப்பது ஒன்றும் புதிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1957-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் ஐந்தே வாரத்தில் ஏழு லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு நெஞ்சுப் படம் எடுத்தார்கள். பிறகு செலவு கட்டுப்படியாகாது என்று 1974-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, கண்மூடித்தனமாக எல்லோருக்கும் படம் எடுப்பதைக் கைவிடச் சொன்னது. இப்போது ஃபிலிம் கழுவும் வேலை இல்லை, மெஷினும் பையில் அடங்குகிறது. எல்லோரையும் விட, ஆபத்து அதிகமுள்ளவர்களைத்தான் முதலில் தேடுகிறார்கள்: சுகர் உள்ளவர், புகைப்பவர், குடிப்பவர், மெலிந்தவர், அறுபதைத் தாண்டியவர், முன்பு நோய் வந்தவர், நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர். உங்கள் கணவர் இதில் இரண்டு பெட்டியிலாவது விழுகிறார்: சுகர், பீடி.

ஒருவேளை காசநோய்தான் என்று வந்தால்? மருந்துக்குக் கட்டுப்படும் வகை என்றால் ஆறு மாத மாத்திரை, இலவசம். சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், 2024 நவம்பருக்கு முன்பு 500 ஆக இருந்தது. ஆஸ்பத்திரியில் போய்க் கிடக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும், அதனால் குடும்பத்துக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று உலகத்துக்கு நிரூபித்ததே நம் சென்னையில் 1956-ல் தொடங்கிய ஆய்வுதான். தட்டு, டம்ளரை ஒதுக்கி வைக்க வேண்டாம், இது காற்றில் பரவும் நோய். சன்னலைத் திறந்து வையுங்கள், ஆரம்ப வாரங்களில் அவர் முகக்கவசம் போடட்டும். சுகரைக் கட்டுக்குள் வைப்பதும் மருந்தில் பாதி. வீட்டில் மற்றவர்களுக்கு நோய் இல்லை என்று பார்த்த பிறகு தடுப்பு மருந்து தருவார்கள். அதில் ஒரு வகை, வாரம் ஒரு வேளை வீதம் பன்னிரண்டு வாரம்.

முடிவு "இல்லை" என்று வந்தாலும் அது இன்றைய நிலவரம் மட்டுமே. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாத எடைக் குறைவு, இவற்றில் எது வந்தாலும் அடுத்த முகாமுக்குக் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சந்தேகம் கேட்க 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. இவர் இன்னும் மறுத்தால், செவிலியரை வீட்டுக்கு வரச் சொல்லி அம்மாவிடம் முதலில் சளி வாங்கச் சொல்லுங்கள். அம்மா கொடுத்த பிறகு பிள்ளை மாட்டேன் என்பது கொஞ்சம் கஷ்டம்.