வீட்டில் ஒரு நோயாளி

கேள்வி: ஐயாவுக்கு ஸ்தோத்திரம். சபைப் பெண்களோடு சேர்ந்து வாரத்தில் மூன்று நாள் மாலையில் மருத்துவமனைக்குப் போகிறேன். யாரும் பார்க்க வராத நோயாளிகளோடு பேசி, ஜெபித்துவிட்டு வருவோம். வீட்டில் மாமனார் ஒரு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். "வீட்டு நோயாளியை விட்டுவிட்டு ஊர் நோயாளிக்கு ஊழியமா?" என்கிறார் என் கணவர். நம்மைச் சிநேகிக்கிறவர்களையே சிநேகித்தால் பலன் என்ன என்று இயேசு கேட்டிருக்கிறாரே. நான் செய்வது தவறா?
– ஒரு வாசகி

பதில்: சகோதரி, போதகராகி இரண்டாம் வருடம் என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. நானோ சபையில் யாருக்குத் தலைவலி என்றாலும் ஓடுவேன். வீடு திரும்ப இரவு பத்தாகும். அம்மாவுக்குச் சோறு ஊட்டியதெல்லாம் என் மனைவிதான். ஒருநாள் குழறிய வாயோடு அம்மா கேட்டார்: "ஐயா, இந்த வீட்டுக்கும் ஒருநாள் ஜெபிக்க வருவீங்களா?" பெற்ற தாய் என்னை 'ஐயா' என்றது இன்னும் காதில் இருக்கிறது.

நீங்கள் காட்டும் மத்தேயு 5:46, அன்பை வீட்டோடு நிறுத்திவிடாதே என்கிறது. வீட்டைத் தாண்டிக் குதித்துப் போ என்று சொல்லவில்லை. பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதை 'கொர்பான்', அதாவது காணிக்கை, என்று சொல்லித் தப்பித்தவர்களை மாற்கு 7-இல் இயேசு கடிந்துகொண்டதும் உண்டு. எனக்கு அந்தப் பகுதியில் பிரசங்கம் செய்ய இன்றும் கூச்சம்தான்.

இயேசு சொன்ன கதையில் வரும் நல்ல சமாரியனையும் கொஞ்சம் கவனியுங்கள். வழியில் அடிபட்டுக் கிடந்த, முன்பின் தெரியாதவனுக்காக நின்றான், காயம் கட்டினான், அன்றிரவு கூடவே இருந்தான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிப்பணம், அதாவது கூலியாளின் இரண்டு நாள் சம்பளம், கொடுத்துவிட்டுத் தன் வழியே போனான். மீதிச் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்ளவில்லை.

எல்லாரையும் சமமாக நேசி, ஆனால் எல்லாருக்கும் உதவ முடியாது என்பதால் இடமும் காலமும் உன்னோடு சேர்த்துவைத்தவர்களை முதலில் பார் என்றார் பழங்காலத் திருச்சபையின் ஆயர் அகுஸ்தீன். 13-ஆம் நூற்றாண்டில் இறையியல் அறிஞர் தோமா அக்குவினா இன்னொன்று சேர்த்தார்: அந்நியன் உயிருக்குப் போராடும்போது, அவசரத் தேவை இல்லாத சொந்த அப்பாகூடக் காத்திருக்கலாம். உங்கள் மாமனார் காத்திருக்கக்கூடிய நிலையில் இருக்கிறாரா? அவரைத் திருப்பிப் படுக்கவைக்க மாலையில் ஆள் வேண்டுமே.

சரி, இப்போது உங்கள் கணவருக்கு. தம்பி, அவர் இவருக்கு மாமனார், உமக்கு அப்பா. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்வது முதலில் பிள்ளைகளைப் பார்த்துத்தான்; நான்காம் வசனத்தையும் சேர்த்து வாசியும். அன்று சோறு ஊட்டியது என் மனைவி, பேர் வாங்கியது நான். அந்தத் தப்பை நீரும் செய்ய வேண்டாம்.

மூன்று மாலையை ஒன்றாகக் குறையுங்கள் சகோதரி. அந்த ஒரு மாலையை விட்டுவிடாதீர்கள். அங்கேயும் உங்களுக்காக யாரோ வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்று அப்பாவுக்குக் கஞ்சி கொடுப்பது மகனின் வேலை. முதல் வாரம் நிறையச் சிந்தும், பரவாயில்லை.