சிரிப்புத் தொடர் பாத்திரத்துக்கு விக்கிக் கட்டுரை: கேட்டதும் சொன்னதும்

நகைச்சுவைத் தொடர்களில் வரும் பாத்திரங்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத நம்ம நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். ஆளுக்கொரு சந்தேகம். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் போட்டுவிடுகிறேன். கேட்டவர்கள் பெயர் வேண்டாம், ஊர் போதும்.

வள்ளியூர்: அண்ணாச்சி, ஷெல்டன் கூப்பர் பற்றி எழுதினேன். டெக்சாஸில் பிறந்தார், அம்மா பேர் மேரி, என்ன படிச்சார், யாரைக் கட்டினார்னு வரிசையா எழுதி வச்சா, 'கட்டுரை கதைக்குள்ளேயே நிற்கிறது'ன்னு பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையைப் பத்தி விவாதிக்கிற பக்கம்) ஒருத்தர் எழுதிட்டுப் போயிட்டார். என்ன தப்பு?

தம்பி, அவர் சொன்னது சரிதான். நீங்க எழுதினது வாழ்க்கை வரலாறு. ஆனால் ஷெல்டன் வாழ்ந்த மனிதர் இல்லையே. 'த பிக் பேங் தியரி' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடருக்காகச் சக் லோரியும் பில் பிராடியும் உருவாக்கி, 2007 முதல் 2019 வரை ஜிம் பார்சன்ஸ் நடித்த பாத்திரம் அது. முதல் வரியிலேயே இது தெரிய வேண்டும். அப்புறம் அந்த வேடத்துக்காக அவர் வாங்கிய நான்கு எம்மி விருதுகள் (அமெரிக்கத் தொலைக்காட்சி விருது), 'யங் ஷெல்டன்' என்று 2017இல் தனித்தொடரே பிறந்தது, 'பசிங்கா' என்று ஷெல்டன் அடிக்கடி சொல்வதை வைத்து 2012இல் பிரேசில் நாட்டுத் தேனீ இனம் ஒன்றுக்கு 'யூகுளோசா பசிங்கா' என்று அறிவியல் பெயர் வைத்தது, இதெல்லாம்தான் கட்டுரையின் உடம்பு. அம்மா பேர் மேரி என்பது ஒரு வரியில் போகட்டும்.

பாளையங்கோட்டை: அப்படின்னா கதையே எழுதக்கூடாதா?

எழுதணும், கதை தெரியாமல் பாத்திரம் எப்படிப் புரியும்? அளவும் கோணமும்தான் விஷயம். பிரேசியர் கிரேனை எடுத்துக்கோங்க. 'சியர்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரில் 1984இல், மூன்றாம் பருவத்தில், கொஞ்ச நாளைக்கு மட்டும் வந்துபோக வைத்த ஆள். கெல்சி கிராமரின் நடிப்பு பிடித்துப்போய் நிரந்தரமாக்கி, அது முடிந்ததும் 1993இல் அவருக்கென்றே 'பிரேசியர்' என்று தொடர் எடுத்தார்கள். அது 2004 வரை ஓடியது, 2023இல் மறுபடியும் வந்தது. இதில் ஒரு சிக்கல்: 'சியர்ஸ்' ஓடும்போது தன் அப்பா செத்துப்போனதாக பிரேசியர் சொல்கிறார், புதுத் தொடரிலோ அப்பா உயிரோடு வந்து மகன் வீட்டிலேயே குடியேறுகிறார். கதைக்குள் நின்று எழுதுகிறவர் இங்கே மாட்டிக்கொள்வார், செத்தவரை எழுப்பணுமே. வெளியே நின்று எழுதுகிறவருக்குக் கவலையே இல்லை, முன்னதில் இப்படிச் சொல்லப்பட்டது, புதுத் தொடருக்கு ஓர் அப்பா தேவைப்பட்டதால் மாற்றினார்கள், பிறகு ஓர் அத்தியாயத்தில் அப்பாவோடு சண்டை போட்டிருந்த கோபத்தில் பொய் சொன்னதாகக் காரணம் காட்டினார்கள், அவ்வளவுதான். முரண்பாடே நல்ல தகவலாகிவிடுகிறது. கதைச்சுருக்கத்தை மூன்று நான்கு பத்திக்குள் முடியுங்க. அத்தியாயம் அத்தியாயமாகப் போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

தென்காசி: எந்தப் பாத்திரத்துக்குத் தனிக் கட்டுரை வைக்கலாம், எதுக்குக் கூடாது?

நமக்குப் பிடித்திருக்கிறதா என்பது கணக்கில்லை. தொடரோடு சம்பந்தமில்லாதவர்கள் அந்தப் பாத்திரத்தைப் பற்றியே விரிவாக எழுதியிருக்கணும். விசிறிகளின் பக்கமும் சேனலின் விளம்பரமும் சேராது. 'சைன்பெல்ட்' தொடரின் கிரேமருக்கு அந்த மாதிரி ஏராளம் கிடைக்கும்: தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட்டின் எதிர்வீட்டுக்காரர் கென்னி கிரேமரைப் பார்த்து உருவானது, 1989 முன்னோட்ட அத்தியாயத்தில் கெஸ்லர் என்று பெயர் இருந்தது, மைக்கேல் ரிச்சர்ட்ஸ் மூன்று எம்மி வாங்கியது. 'ஆல் இன் த பேமிலி'யில் ஆர்ச்சி பங்கர் உட்காரும் நாற்காலி 1978 முதல் ஸ்மித்சோனியனில் இருக்கிறது. நாற்காலி அருங்காட்சியகத்துக்குப் போய்விட்ட பாத்திரத்துக்குக் கட்டுரை வைக்க யாரைக் கேட்கணும்! ஆனால் இரண்டு அத்தியாயத்தில் தலைகாட்டும் பக்கத்து வீட்டு மாமாவுக்குப் பாத்திரப் பட்டியலில் இரண்டு வரி போதும். ஆங்கில விக்கியில் இதே விஷயத்துக்காகப் பெரிய சண்டை நடந்து 2007, 2008இல் நடுவர் குழு வரை போனது. நாமும் அங்கே போய் நிற்க வேண்டாம்.

களக்காடு: தமிழில் எழுதலாம்னு 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வை எடுத்தேன். இணையத்தில் ஒண்ணும் கிடைக்கலையே?

இணையத்தில் கிடைக்கவில்லை என்றால் இல்லவே இல்லை என்று ஆகாது. நம்ம தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி அன்றைக்கு எழுதியதெல்லாம் வார இதழ்களில்தான். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் பழைய இதழ்கள் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்க. சென்னைப் பக்கம் போனால் தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் தேடலாம். கிடைக்கும் வரை தொடரின் கட்டுரையிலேயே 'பாத்திரங்கள்' என்று ஒரு பகுதி வைத்து எழுதுங்க. இந்தியில் 2004இல் ஸ்டார் ஒன்னில் வந்த 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' பற்றி, அதிலும் ரத்னா பாடக் ஷா நடித்த மாயா சாராபாய் பற்றி, பத்திரிகைகள் நிறைய எழுதியிருக்கின்றன. பழகுவதற்கு அது நல்ல தொடக்கம்.

அம்பாசமுத்திரம்: ஒரு தொடரில் நெல்லைக்காரரா வர்றவர் வாக்கியத்துக்கு ஒரு 'ஏலே' போடுறார், அவ்வளவுதான் நம்மூர்ப் பேச்சாம். அம்பையில் யாரு இப்படிப் பேசுதாவ? இதை 'விமர்சனம்' பகுதியில் எழுதலாமா?

எனக்கும் அதே எரிச்சல்தான். ஆனாலும் எழுத முடியாது. நீங்களும் நானும் டிவி முன்னால் உட்கார்ந்து கண்டுபிடித்ததற்குச் சொந்த ஆய்வு என்று பெயர். ஒரு விமர்சகரோ, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் வட்டார வழக்கை ஆராய்ந்த ஒருவரோ இதை எழுதி வெளியிட்டிருந்தால், இன்னார் இப்படிச் சொல்கிறார் என்று மேற்கோளோடு எழுதலாம். இல்லையென்றால் நீங்களே எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்புங்க, நான் முதல் ஆளாகப் படிக்கிறேன்.

பேட்டை: அண்ணா, பாத்திரத்தை 'அவன்'னு எழுதுறதா, 'அவர்'னா, 'அது'வா? மாத்தி மாத்தி வருது.

நல்ல கேள்விம்மா. கதைக்குள் நடப்பதைச் சொல்லும்போது 'அவர்', கதைக்கு வெளியே பேசும்போது 'அது'. 'கிரேமர் கதவைத் தட்டாமல் நுழைகிறார்', 'இப்பாத்திரம் 1989இல் அறிமுகமானது'. இப்படி வைத்துக்கொண்டால் எந்த வாக்கியம் உள்ளே, எது வெளியே என்று வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். எழுதி முடித்ததும் எண்ணிப் பாருங்க, 'ஆர்' முடிவுகளே பக்கம் நிறைய இருந்தால் கதை அதிகமாகிவிட்டது. சின்னப் பையன் பாத்திரத்துக்கு 'அவன்' போடலாம், குற்றமில்லை.

நாங்குநேரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: 1910இல் வந்த அபிதான சிந்தாமணியில் புராணப் பாத்திரங்களை வாழ்ந்தவர்களைப்போலத்தானே எழுதியிருக்கிறது? அது கலைக்களஞ்சியம் இல்லையா?

ஐயா, மடக்கிவிட்டீர்கள். சிங்காரவேலு முதலியார் தொகுத்தது புராணத்தில் யார் யார் என்று தேடுகிறவருக்காக, அந்த வேலைக்கு அந்த நடை பொருந்தியது. விக்கியில் எழுதுகிறவர் யாரென்றே படிப்பவருக்குத் தெரியாது, அதனால் நம் சொல்லை நம்பச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வரியையும் அவரே சரிபார்க்கும்படி வைக்க வேண்டியிருக்கிறது. யார் எழுதினார், யார் நடித்தார், யார் என்ன சொன்னார் என்று போனால்தான் அது முடியும்.

திசையன்விளை: தொடரிலிருந்து படம் பிடிச்சுப் போடலாமா?

பொதுவகத்தில் (விக்கித் திட்டங்களுக்கெல்லாம் பொதுவான படக் கிடங்கு) ஏற்றாதீர்கள், காப்புரிமை தயாரித்தவர்களுடையது, நீக்கிவிடுவார்கள். நடித்தவரின் கட்டற்ற உரிமப் படம் (யாரும் பயன்படுத்த அனுமதி உள்ளது) அங்கேயே இருந்தால் அதைப் போட்டு, கீழே 'ஷெல்டனாக நடித்த ஜிம் பார்சன்ஸ்' என்று எழுதினால் போதும்.

சங்கரன்கோவில்: ஆங்கிலக் கட்டுரையை மெஷினில் மொழிபெயர்த்து ஒட்டினா நேரம் மிச்சம்தானே?

உங்களுக்கு மிச்சம், திருத்துகிறவருக்குச் செலவு. மொழிபெயர்க்க உரிமம் தடையில்லை, மூலக் கட்டுரையின் பெயரைத் தொகுப்புச் சுருக்கத்தில் (சேமிக்கும்போது என்ன மாற்றினோம் என்று எழுதும் பெட்டி) குறிப்பிட்டே ஆகணும். மேற்கோள்களைத் திறந்து பார்க்காமல் அப்படியே கொண்டுவராதீர்கள், அங்கே செத்துப்போன இணைப்புகள் நிறைய உண்டு. முதலில் உங்கள் மணல்தொட்டியில், அதாவது எழுதிப் பழகும் பக்கத்தில், வைத்து வாய்விட்டுப் படியுங்க, நாக்கு தடுக்கும் வரிகளையெல்லாம் மாற்றி எழுதிவிட்டு எனக்கு இணைப்பை அனுப்புங்க.